உழாத நிலத்துக்கு வரலாறு கிடையாது

புல் தானாக முளைக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் கெஸ்லர் மாவட்டத்தில் அப்படி இல்லை. இங்கே புல் என்றால் அது முறைப்படி முளைத்திருக்க வேண்டும்.

முறை இதுதான். ஒரு விவசாயி பல வருடங்கள் நிலத்தை உழுது கோதுமை போட வேண்டும். மண் காற்றில் கிளம்பிப் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோகத் தொடங்கியதும், அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, இனி உழ மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்த நிலம் ஓய்வு பெற்றதாகக் கருதப்படும். அவர் அதில் புல் விதைப்பார். ஒப்பந்தக் காலம் முழுவதும் அவர் உழாமல் சும்மா இருப்பதற்காக அரசாங்கம் ஆண்டுதோறும் வாடகை கொடுக்கும். காலம் முடிந்ததும் அவர் கோதுமை விலையைப் பார்ப்பார். விலை இறங்கியிருந்தால் இயற்கையின்மேல் அவருக்கு உள்ள அன்பு நீடிக்கும். ஏறியிருந்தால் உழுதுவிடுவார். அடுத்த முறை விலை இறங்கும்போது திரும்பி வருவார். அவரை வரவேற்க நாங்கள் இருக்கிறோம்.

நாங்கள் என்பது புல் மீட்பு அலுவலகம். கேன்சஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கூட்டுறவுத் தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கிறது. அங்கே புல்லை அளக்கும் வேலையில் நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் மாட்டிறைச்சி ஆலையில் வேலை பார்ப்பவர்கள். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புல்வெளி மேலாண்மையில் பட்டம். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "அவ புல்லப் பாத்துக்கிட்டு இருக்கா" என்பாள் அம்மா. கேட்டவர்கள், சீக்கிரம் ஏதாவது வேலை கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மீட்கப்பட்ட புல் எவ்வளவு தூரம் உண்மையான புல்லாகிவிட்டது என்று மதிப்பெண் போடுவது என் பணி. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மையான புல்வெளி வேண்டும் அல்லவா? அது வில்மா ப்ரங்கார்ட்டின் மேய்ச்சல் நிலம். ஒரு சதுர மைல். யாரும் ஒருநாளும் உழாதது. இமைமுடி போல வளைந்த கதிர்களோடு கிராமா புல்லும், அதன் காலடியில் தரையோடு படர்ந்த எருமைப்புல்லும் அங்கே கலந்து கிடக்கும். மாவட்டத்தில் உள்ள எல்லாப் புல்லும் வில்மாவின் புல்லைப் போல ஆக வேண்டும் என்பதே அலுவலகத்தின் குறிக்கோள்.

ஒரு வசந்தத்தில் அந்த வில்மாவே அலுவலகத்துக்கு வந்தாள். மழையில்லாத மூன்றாவது வருடம் அது. கணவர் நார்பர்ட் இறந்த பிறகு தனியாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அதிகாரி ஹெடீன் சாரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, மாட்டையெல்லாம் விக்க வேண்டியதாப் போச்சு. புல்லு மட்டும்தான் மிச்சம். அத அப்படியே விட்டு வெக்கணும்னு ஆசை. பக்கத்துப் பண்ணை டுவெய்ன் ஃபைஃபருக்குக் குடுக்குற வாடகைய எனக்கும் குடுத்தீங்கன்னா சமாளிச்சுருவேன். இல்லேன்னா குத்தகைக்குத்தான் விடணும். எடுக்கறவன் மறுநாளே உழுது கோதுமை போட்டுருவான்."

ஹெடீன் சார் கணினியைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். துடைத்துக்கொண்டார்.

"உங்க நிலத்துக்கு வரலாறு இல்லையேம்மா."

"எங்க கொள்ளுத்தாத்தா ரஷ்யாவுல வோல்கா ஆத்தங்கரையிலேருந்து வந்து எடுத்த நிலம் தம்பி அது. அதுக்கும் முன்னாடி காட்டெருமைங்க பொரண்ட பள்ளம் இன்னும் இருக்கு. மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்கும்."

"அதெல்லாம் பழங்கதை. வரலாறுன்னா உழவு வரலாறு. கடைசியா எப்ப உழுதீங்க?"

"உழுததே இல்ல."

"அதாம்மா சிக்கல். உழறத நிறுத்தினவங்களுக்குத்தான் வாடகை. நீங்க ஆரம்பிக்கவே இல்ல. ஆரம்பிக்காத ஒண்ண எப்படி நிறுத்துவீங்க, நீங்களே சொல்லுங்க."

வில்மா நியாயமான பெண்மணி. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல. டுவெய்ன் குடியாக் குடிச்சுட்டு ஒருநாள் நிறுத்தினான். அவனுக்குத் தேவாலயத்துல கேக் வெட்டிக் கொண்டாடினாங்க. நார்பர்ட்டுக்கு யாரும் ஒரு கேக்கும் வெட்டல. அந்த மாதிரியா?"

"பிரமாதம்! இவ்வளவு தெளிவாப் புரிஞ்சுக்கிட்டவங்கள நான் பாத்ததில்ல," என்று ஹெடீன் சார் மகிழ்ந்துபோனார்.

"அப்ப நான் உழணும்."

"ஐயய்யோ! பூர்வீகப் புல்ல உழறதா? அத நாங்க கடுமையா எதிர்க்கிறோம். அதுக்குன்னே தனி மேஜை இருக்கு. அங்க அனுமதி வாங்காம உழுதா எந்த உதவியும் கிடைக்காது."

வில்மா திரும்பிப் பார்த்தாள். "அங்க யாரும் இல்லையே."

"ஒரு நிமிஷம்."

ஹெடீன் சார் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அறையின் குறுக்கே நடந்து, ஜன்னலோரம் இருந்த உழவுத் தடுப்பு மேஜையில் போய் உட்கார்ந்தார். ஆள் பற்றாக்குறையால் இரண்டு பதவிகளையும் அவரே வகித்துவந்தார். ஆனால் ஒரு மேஜையின் விஷயத்தை இன்னொரு மேஜையில் பேச மாட்டார். அதில் அவர் கண்டிப்பானவர்.

"வணக்கம்மா, வாங்க. என்ன விஷயமா வந்தீங்க?"

வில்மாவும் எழுந்துபோய், மரியாதைக்கு இன்னொரு முறை வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"என் புல்ல உழறதுக்கு அனுமதி வேணும்."

"என்ன காரணத்துக்காக உழறீங்க?"

"உழறத நிறுத்தறதுக்காக."

"நல்ல நோக்கம்," என்று ஹெடீன் சார் தலையசைத்தார். "பாருங்கம்மா, சில வருஷம் கோதுமை போடுங்க. மண்ணு கொஞ்சம் கெடட்டும். கெட்டுப்போன மண்ணுக்கு முன்னுரிமை உண்டு. இப்ப உங்க மண்ணு ரொம்ப நல்லா இருக்கு, அது உங்களுக்குப் பாதகம். அப்புறம் அந்த மேஜைக்கு வாங்க. அங்க இருக்கறவர் உங்களுக்கு உதவுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் புல்லு வெதைக்கலாம். நம்ம மரிசேல் வந்து அளந்து பாப்பா. இப்ப இருக்கற மாதிரியே திரும்ப ஆயிடும். எவ்வளவு காலம் ஆகும் மரிசேல்?"

நான் படித்ததைச் சொன்னேன். "என் ஆயுசுக்குள்ள ஆகாது சார்."

"பாத்தீங்களா? தொலைநோக்குத் திட்டம்," என்றார் ஹெடீன் சார்.

அனுமதி அப்போதே கிடைத்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. வில்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவளை வண்டிவரை கொண்டுபோய் விட்டேன்.

"நான் ஒண்ணும் உழப்போறதில்ல," என்றாள் என்னிடம். "உழுதுட்டா அப்புறம் நான் எதக் காப்பாத்தறது?"

"அப்புறம் ஏன் வில்மாம்மா வாங்கினீங்க?"

"பாவம், அந்தத் தம்பி எனக்காக நாற்காலி மாறி ஒக்காந்தாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் மாவட்டத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாரும் யாரிடமும் உதவி கேட்பதில்லை. யாரும் உதவியை வேண்டாம் என்றும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால், அக்கம்பக்கத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் இயந்திரங்களோடு வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆல்வின் லைக்கருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த கோடையில், அவருடைய கோதுமை முழுவதையும் ஒரே நாளில் அறுத்துக் கொடுத்தார்கள். கோதுமைத் தாளை ரொம்ப உயரமாக விட்டு அறுத்துவிட்டார்கள் என்று ஆல்வினுக்கு இன்றுவரை வருத்தம். ஆனால் அதை அவர் அறுத்தவர்களிடம் சொன்னதில்லை. மற்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் ஹெடீன் சார் கூட்டுறவுக் கிடங்கில் காபி குடிக்கப் போனார். அலுவலக ரகசியங்களை அவர் வெளியில் பேச மாட்டார். ஆனால் வில்மாவுக்கு உழவு அனுமதி கொடுத்தது ரகசியமல்ல, சாதனை. அதனால் சொன்னார்.

"வில்மாவா? உழப்போறாளா?" என்றார் ஆல்வின். "அவகிட்ட ஒரு சட்டிக்கலப்பைகூட கிடையாதே."

"நம்மகிட்ட ஏதாவது கேட்டாளா?" என்றார் டுவெய்ன் ஃபைஃபர்.

"அவ எங்கப்பா கேக்கப்போறா?"

"கேக்கலேன்னா ரொம்பக் கஷ்டத்துல இருக்கான்னு அர்த்தம்."

எல்லோரும் காபியைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் நிறைவேறுவது இப்படித்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் வில்மாவின் வாசலில் ஏழெட்டு டிராக்டர்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சட்டிக்கலப்பை. எனக்கும் தகவல் வந்து, முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட பன்களைப் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு போனேன். வில்மா மனதை மாற்றிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்பது நாகரிகமாக இருக்காது என்றும் நினைத்தேன்.

வில்மா இரவு உடைக்கு மேலே நார்பர்ட்டின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன ஆல்வின் இது?"

"நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது வில்மா. உள்ள போ."

"இல்ல ஆல்வின், நான்..."

"பேசாதேன்னு சொன்னேன்ல? நாங்க இருக்கோம்."

வில்மா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டுவெய்ன், முதுகுவலிக்கான பட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆல்வினை மருத்துவர் டிராக்டரில் ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். வில்மா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, "காபி போடட்டுமா?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு நிலத்தின் தெற்குப் பாதியின் கதை முடிந்தது.

உழாத மண்ணை உழும்போது ஒரு சத்தம் வரும். கனமான துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல இருக்கும். கிழிபடுவது வேர்கள். புல்லுக்குள்ளிருந்து குருவிகள் கிளம்பிக் கிளம்பி, கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்தன. டிராக்டர்கள் அங்கேயும் வந்தன. மறுபடி கிளம்பின. ஆல்வின் இரண்டு முறை வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். டுவெய்ன் தன் டிராக்டரிலிருந்து வாக்கிடாக்கியில், "ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் போகுது," என்று சொல்லிவிட்டு ஆல்வின் தொடர்ந்தார்.

மதியம் எல்லோரும் கொட்டகைக்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்னும், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெலட்டின் ஜெல்லியும். எங்கள் ஊரில் அதற்கு சாலட் என்று பெயர்.

"மண்ணு நல்ல கறுப்பு," என்றார் டுவெய்ன்.

"ஆமா."

"புல்லும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

பச்சை ஜெலட்டின் கொஞ்ச நேரம் தட்டுகளில் ஆடிக்கொண்டிருந்தது. ஆல்வினுக்குப் பொறுக்கவில்லை.

"உள்ளதச் சொல்றேன் வில்மா. அத உழறதுக்கு எனக்கு மனசே வரல. ஆனா நீ ஆசப்பட்டேன்னு..."

"நான் ஆசப்பட்டேனா? நீங்க இத்தன பேரு வந்து நின்னீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

டுவெய்ன் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப உனக்கு உழ வேண்டாமா?"

"வேண்டாம்."

"அட கடவுளே! காலையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னானே ஆல்வின்."

"அது மரியாதைக்குச் சொல்றது வில்மா!"

"நானும் மரியாதைக்குத்தான் பேசாம இருந்தேன்."

டுவெய்ன் மெதுவாகக் கேட்டார். "அப்ப வடக்குப் பாதிய விட்டுரட்டுமா?"

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா," என்றாள் வில்மா.

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை ஹெடீன் சார் என்னையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு காலைப் புல்லிலும் ஒரு காலை உழவிலும் வைத்து நின்றுகொண்டு, தெற்குப் பக்கம் கையை நீட்டினார்.

"வாழ்த்துகள்மா! இந்தப் பாதிக்கு வரலாறு தொடங்கியாச்சு."

"அந்தப் பாதி?" என்றாள் வில்மா.

"அதுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல," என்றார் அவர் வருத்தத்துடன்.

திறந்து கிடந்த மண்ணைக் காற்றுக்கு விட முடியாது என்று வில்மா இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்தாள். மழை வரவில்லை. கோதுமை செத்துப்போனது. ஆனால் செத்துப்போன கோதுமைக்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. உயிரோடு இருக்கும் புல்லுக்குத்தான் ஒன்றும் கிடையாது. காப்பீடு வந்ததால் வடக்குப் பாதியைக் குத்தகைக்கு விட வேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த வருடமும் கோதுமை செத்தது. அதற்கடுத்த வருடமும் அது ஏமாற்றவில்லை. இதற்குள் தெற்குப் பாதியின் மண் வேலியைத் தாண்டிப் பறக்கத் தொடங்கிவிட்டது. ஹெடீன் சார் முன்னுரிமை கொடுத்தார். வில்மா இரண்டாவது முறையாக முதல் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "இனி உழ மாட்டேன்," என்றாள். ஹெடீன் சார் எழுந்து நின்று கைகொடுத்தார்.

விதை விஷயத்தில் விதி கண்டிப்பானது. உள்ளூர்ப் பூர்வீகப் புல் விதைதான் போட வேண்டும். மாவட்டத்தில் அப்படிப்பட்ட விதை போதுமான அளவு ஓரிடத்தில்தான் இருந்தது. விதை வியாபாரி வந்து, வில்மாவின் வடக்குப் பாதியில் விதையைத் தூரிகை இயந்திரத்தால் சீவி எடுத்து, ஊருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, மூட்டை கட்டி, அதிக விலைக்கு வில்மாவிடமே விற்றார்.

இப்போது தெற்குப் பாதியில் பெரிய பலகை ஒன்று நிற்கிறது. "இங்கே புல்வெளி மீட்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது. நகரங்களிலிருந்து ஆட்கள் புதுச் செருப்பு மணத்தோடு வந்து அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மீட்கப்பட்ட புல்லில் வெறுங்காலோடு நடந்தால் மனம் அமைதியடையும் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். தெற்குப் பாதியில் இப்போதைக்கு நன்றாக வந்திருப்பது நெருஞ்சி மாதிரியான ஒரு முள். நடந்து முடித்ததும் எல்லோரும் நொண்டிக்கொண்டே வேலியைத் தாண்டி வடக்குப் பக்கம் போய், புல்லில் உட்கார்ந்து முள்ளை எடுப்பார்கள். அங்கே உட்கார மெத்தென்று இருக்கும். பலகை இல்லாததால் அதை யாரும் படம் எடுப்பதில்லை.

செய்தி பரவியது. பாட்டன் காலத்திலிருந்து கலப்பை படாத ஒரு மேடோ ஓடைக்கரையோ வைத்திருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னும் கொஞ்சம் பேர் உண்டு. அவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வில்மா செய்ததுபோல் பாதி உழுதால் போதுமா என்று கேட்டார்கள். ஹெடீன் சார் ஒரு நாளைக்குப் பலமுறை காபிக் கோப்பையோடு அறையின் குறுக்கே நடந்தார். அலுவலகத்தின் ஆண்டறிக்கையில், இந்த மாவட்டத்தில் இதுவரை இல்லாத பரப்பளவில் புல்வெளி மீட்கப்படவிருக்கிறது என்று எழுதினோம். ஒவ்வொரு எண்ணையும் நானே சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தவறில்லை.

போன வாரம் வில்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆல்வின்.

"வில்மா, சனிக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அந்த ஓடைக்கரைய உழுதுரலாம்னு. டுவெய்ன்தான் ஏற்பாடு."

வில்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "ஆல்வின், ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கு நெசமாவே அத உழணுமா?"

ஆல்வின் மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

"எல்லாருக்கும் சொல்லியாச்சாம் வில்மா."

"ஓ," என்றாள் வில்மா. "அப்ப சரி. நான் என்ன கொண்டு வரட்டும்?"

சனிக்கிழமை நானும் போனேன். அம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறைய, சோளமாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த தமாலே செய்து கொடுத்திருந்தாள். ஆல்வின் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். டிராக்டர்கள் ஓடைக்கரையை நோக்கி இறங்கின. அவருக்கு முகம் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் வந்த பிறகு சொன்னால் நன்றாக இருக்காது.